தீபாவளிக்கு மறுநாள் யார் கணக்கில்?

தீபாவளிக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கும்போதே தோட்டங்களில் பேச்சு எழுந்துவிடும். முதலாவது, இந்த முறை முற்பணம் எவ்வளவு என்பது. இரண்டாவது, லீவு எத்தனை நாள் என்பது. முற்பணத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும், தலைவர்மார் அறிக்கை விடுவர். லீவைப் பற்றி எழுதுவார் அதிகம் இல்லை. அது பெரட்டுக்களத்தில் தொடங்கிப் பெரட்டுக்களத்திலேயே முடிந்துவிடும் சண்டை. ஆனால் அதன் நட்டம் மாத முடிவில் சம்பளச் சிட்டையில் வந்து நிற்கும்.

எமது வாசகர்களில் பலர் 1977இலும் 1983இலும் தோட்டத்தை விட்டு இறங்கி வன்னியில் காடு வெட்டிக் காணி கண்டவர்கள். பின்னர் அந்தக் காணியையும் விட்டு ஓடியவர்கள். சொந்தக் காணியில் லீவு கேட்பதற்கு ஆள் இல்லை. பொங்கலன்று நெல் முற்றியிருந்தால் விடியற்காலையில் பொங்கிவிட்டு வயலுக்குப் போவோம். காணியை இழந்து இன்னொருவரின் தோட்டத்திலும் கடையிலும் நாட்கூலிக்கு நிற்கும்போதுதான், பண்டிகை நாள் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. தோட்டத்தில் இருக்கும் எமது உறவுகளுக்கு இது பரம்பரைக் கேள்வி.

தீபாவளி ஒரு நாள்தானே, ஏன் மூன்று நாள் கேட்கிறார்கள் என்று கேட்பவர்கள் லயத்தில் தீபாவளியைப் பார்த்திராதவர்கள். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளை முதல் நாள் இரவு பஸ் ஏறி, அட்டனில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, வீடு வந்து சேரும்போது விடிந்துவிடும். எண்ணெய் முழுக்கு, கோயில், பங்கு போட்ட ஆட்டிறைச்சி, உறவினர் வரவு என்று அன்றைய பொழுது போய்விடும். மற்றத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போவது மறுநாள்தான். ஆண்டு முழுவதும் ஒன்றுசேராத குடும்பம் ஒன்றுசேரும் நாள், தீபாவளியைவிட அதன் மறுநாளே என்று சொன்னாலும் பிழையில்லை. இதை உணர்ந்துதான் சில ஆண்டுகளில் மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு மறுநாளும் விடுமுறை கொடுத்து, ஒரு சனிக்கிழமையில் அதை ஈடுசெய்கிறார்கள். பிள்ளைக்கு லீவு, தாய்க்கு மலை.

துரைமார் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கொழுந்து லீவு அறியாது. ஒரு மலையை ஏறக்குறைய ஏழு நாளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பிந்தினால் கொழுந்து முற்றி, தேயிலையின் தரம் கெட்டு, ஏலத்தில் விலை இறங்கும். பறித்த கொழுந்தை அன்றிரவே இஸ்டோரில் வாட்டப் போட வேண்டும். ஆகவே மலையில் ஆள் நின்றாலும் இஸ்டோரில் நிற்க முடியாது. மாரியம்மன் திருவிழாக்கள் பல, கொழுந்து அதிகமாகத் துளிர்க்கும் சித்திரை, வைகாசியிலேயே வருகின்றன. தைப்பொங்கலோ, அட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் தரமான தேயிலைக்குப் பேர்போன பருவம் தொடங்கும் வேளையில் வருகிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் இந்தத் திகதிகளெல்லாம் பஞ்சாங்கத்தில் ஓராண்டுக்கு முன்பே இருக்கின்றனவே! கடைசிக் கிழமை வரை பேசாமல் இருப்பது ஏன் என்பதே எமது கேள்வி.

பேசாமல் இருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 620 ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய்தான். 30 ரூபாய் விலைப் பங்குக் கொடுப்பனவு. மீதி 140 ரூபாய் வரவுக்கான கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 நாட்களுக்கு வந்தவருக்கே அந்த 140 உண்டு. ‘வேலை கொடுத்த நாள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தோட்டத்தை மூடியதாக நிர்வாகம் அறிவித்தால் அந்த நாள் கணக்கிலேயே இல்லை. மூடவில்லை, ஆட்கள்தான் வரவில்லை என்றால், அது வேலை கொடுத்தும் வராத நாள்.

டிக்கோயாப் பக்கத்தில் கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் தமக்கு நடந்ததை எம்மிடம் சொன்னார். 2014ஆம் ஆண்டுத் தீபாவளி ஒக்டோபர் 22, புதன்கிழமை. வியாழனும் வெள்ளியும் லீவு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“லீவுன்னும் சொல்லல, வேலைன்னும் சொல்லலைங்க ஐயா. தலைவரு போய்க் கேட்டதுக்கு, ஒங்க இஷ்டம்னு சொல்லிட்டு தொர போயிட்டாரு. எங்க இஷ்டம்னா எங்க நட்டம்னு பொறகுதான் தெரிஞ்சிச்சி.”

அந்த மாதம் தோட்டம் 24 நாள் வேலை கொடுத்ததாகச் செக்ரோலில் எழுதியிருந்தது. அவருக்கு 17 பேர் விழுந்திருந்தது. முக்கால் பங்கு என்றால் 18 வேண்டும். ஒரு பேர் குறைந்ததால் 17 நாளுக்கும் 140 ரூபாய்ப்படி 2,380 ரூபாய் போயிற்று. அந்த வியாழனும் வெள்ளியும் மூடிய நாட்கள் என்று அறிவித்திருந்தால் வேலை நாள் 22; முக்கால் பங்கு பதினாறரை; அவருடைய 17 தாராளமாகப் போதும். அதே மாதம் தீபாவளி முற்பணத்தின் முதல் தவணையும் வெட்டப்பட்டது. பண்டிகைக்குக் கடன் கொடுத்தவர்களே பண்டிகைக்குத் தண்டமும் போட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. நாம் சொல்கிறோம்.

அந்த வரவுக் கொடுப்பனவு 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு நீங்கியது. பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகை ஊக்குவிப்புத் தொகை அறிவிக்கப்பட்டது. வரவை எண்ணிப் பணம் கொடுக்கும் இடத்திலெல்லாம், எந்த நாளை எண்ணுவது என்ற கேள்வியும் கூடவே வரும்.

வழிபாட்டு நாளும் வேலை நாளும் மோதிக்கொண்டதில் மலையகம் மறக்க முடியாதது 1986ஆம் ஆண்டுத் தைப்பொங்கல். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னும், அதைத் தொடர்ந்த 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னும், இந்தியா ஏற்பதாகச் சொன்ன ஆறு இலட்சம் பேரில் ஏறக்குறைய 94,000 பேர் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காமல் நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தனர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் வேலைநிறுத்தம் என்று அறிவிக்கவில்லை. பிரார்த்தனை என்று அறிவித்தார். ஜனவரி 14ஆம் திகதி முதல் தொழிலாளர்கள் காலையில் மலைக்கு இறங்காமல் பிரார்த்தனையில் அமர்ந்தார்கள். அறிவித்தவர் அப்போது அரசாங்கத்திலேயே ஒரு அமைச்சர்! வேலைநிறுத்தத்துக்குத் தடை போடலாம்; சாமி கும்பிடுவதற்கு எப்படித் தடை போடுவது? மாதக்கணக்கில் நடத்தத் திட்டமிட்டிருந்த பிரார்த்தனை சில நாட்களிலேயே பலன் கொடுத்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. அவ்வாண்டிலேயே நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பெரட்டுக்குப் போகாத அந்தக் காலைகளை எந்தக் கணக்கப்பிள்ளையும் வெறும் லீவாக எண்ணியிருக்க மாட்டார்.

லீவு நாள் என்பது அரசாங்கம் நினைத்தால் மாறக்கூடியது என்பதையும் முதியவர்கள் அறிவார்கள். 1966ஆம் ஆண்டு முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருக்கவில்லை. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமிகள் என்று போயா நாட்களே வார விடுமுறை. ஆலயத்துக்குப் போக வேண்டிய நாளில் கந்தோருக்கும் பள்ளிக்கும் போக நேர்ந்த கிறிஸ்தவர்கள், வேலைக்கு முன்னும் பின்னும் ஆராதனைக்குப் போனார்கள். 1971இல் சனியும் ஞாயிறும் திரும்ப வந்தன. பௌர்ணமிப் போயா மட்டும் நிலைத்தது.

கிறிஸ்தவக் குடும்பங்கள் தோட்டங்களில் சிறுபான்மை. நத்தாருக்குப் பிரச்சினை இல்லை. பெரிய வெள்ளிக்கிழமையில்தான் சங்கடம். ஐந்தாறு குடும்பங்களுக்காகத் தோட்டத்தை மூட மாட்டார்கள். தனியே லீவு கேட்டால், “அப்ப சிவராத்திரிக்கும் கேப்பாங்க” என்று பதில் வரும். கேட்கட்டுமே! ஒரு தோட்டத்தில் சைவக் குடும்பத்தவர்கள் பெரிய வெள்ளியன்று இஸ்டோர் வேலையை ஏற்றுக்கொள்கிறார்கள். காமன் கூத்து முடிந்த மறுநாள் கண் விழித்த களைப்போடு அவர்கள் படுத்திருக்கும்போது இவர்கள் அவர்களுக்காக நிற்கிறார்கள். யாரும் எழுதிவைத்த ஏற்பாடல்ல. நிர்வாகம் அதைக் கண்டும் காணாதது போல் விட்டிருக்கிறது, நல்ல காலம்.

கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகளின் கதை வேறு. தீபாவளி அரசாங்க விடுமுறை, வங்கி விடுமுறை. ஆனால் வர்த்தக விடுமுறைப் பட்டியலில் தைப்பொங்கல் உண்டு, தீபாவளி இல்லை. ஆகவே கடை முதலாளி திறந்துவைத்தால் அதைச் சட்ட மீறல் என்று சொல்ல முடியாது. முதலாளி தமிழராகவே இருந்தாலும் சில இடங்களில் இதே பாடுதான். ஆனால் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, ஓராண்டு நிறைந்த ஊழியருக்கு வருடத்தில் 7 நாள் அமய லீவும் 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. இவை முதலாளியின் தயவல்ல. அமய லீவு சொந்தக் காரியத்துக்கென்றே உள்ளது. தாய் தகப்பனைப் பார்க்கப் போவதைவிடச் சொந்தக் காரியம் எது? திரும்பி வரமாட்டான் என்று பயந்து கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஊருக்கு அனுப்பும் பழக்கம் இருக்கிறது. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பியுள்ள பெற்றோர், நியமனக் கடிதம் கொடுத்தார்களா, சம்பளச் சிட்டை உண்டா என்று முதலில் கேளுங்கள். அந்தத் துண்டு இல்லாமல் தொழிற் திணைக்களத்துக்குப் போனால், வேலை செய்ததையே நிரூபிக்க வேண்டிவரும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தொழில் நிறுவனங்களுக்கு விதித்தது. எந்தப் பண்டிகைகள் என்பதை முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து தீர்மானிக்க வேண்டும். சிங்கப்பூரில் 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் போயிற்று, தீபாவளி நின்றது. அங்கும் சண்டை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பட்டியல் எழுத்தில் இருக்கிறது.

எழுத்தில் இருப்பதன் பலனை நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கண்டோம். அங்கே புரட்டாசியிலேயே தோட்டக் கமிட்டித் தலைவர்கள், சங்கம் எதுவென்று பாராமல் ஒன்றாகப் போய்த் துரையிடம் கடிதம் கொடுக்கிறார்கள். தீபாவளியும் மறுநாளும் தோட்டம் மூடல். அதற்கு முன்வரும் ஒரு ஞாயிறு கொழுந்து எடுப்பது. எந்த மலைகளை முன்கூட்டி எடுப்பது என்பதும் அதில் உண்டு. ஞாயிறு வேலைக்கு ஒன்றரை நாள் சம்பளம் என்பது தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ள முறை. ஆனால் அது பதில் வேலைதானே, ஒரு பேர் போதும் என்று முதல் ஆண்டு கணக்கப்பிள்ளை சொல்லிப் பார்த்திருக்கிறார். பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணிக்குத் துரை வந்தார். பதினொரு மணிக்கு ஒன்றரைப் பேர் என்று எழுத்தில் வந்தது. அந்தத் தாள் இன்னும் பெரட்டுக்களத்துக் கொட்டகைப் பலகையில் ஒட்டியிருக்கிறது. மழையில் மை கரைந்து, துரையின் கையெழுத்து மட்டும் தெரிகிறது.