கறுத்த தோலும் வெப்பக் கேமராவும்

மார்பகப் புற்றுநோய்க்குக் ‘கரண்டு வைத்து’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று, வரும் பெண்ணின் தோலைப் பார்த்து மருத்துவர் குறித்துக்கொள்வது பெரும்பாலும் சிவப்பின் அளவைத்தான். இலேசான சிவப்பா, அடர்ந்த சிவப்பா, தோல் உரிந்திருக்கிறதா என்று படிப்படியாகத் தரம் பிரிக்கும் இந்த முறை மேலைநாடுகளில் உருவானது. கேரள மலைப்பகுதியான ஏலப்பாறையின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் இன்னும் கறுக்கும், அவ்வளவுதான். உள்ளே அழற்சி இருந்தும் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று சீட்டில் எழுதிவிட வாய்ப்புண்டு. தோல் உமிழும் அகச்சிவப்புக் கதிருக்கோ நிறபேதம் கிடையாது: வெளுத்த தோலானாலும் கறுத்த தோலானாலும் உமிழ்திறன் ஏறக்குறைய 0.98தான். ஆகவே கதிர்வீச்சின் பின்விளைவுகளைக் கவனிப்பதில், இந்த அகச்சிவப்பை அளக்கும் வெப்பக் கேமரா நம் பெண்களுக்குக் கூடுதலாகவே பயன்படும் என்பது என் வாதம்.

வழக்கமாக 25 நாளில் 50 கிரே, அல்லது 15 நாளில் 40 கிரே அளவுக்குக் கதிர்வீச்சு தரப்படுகிறது. அந்த வாரங்களில் இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சூடேறுகிறது. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோருக்கு அது தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் கதை முடிவதில்லை. திசு நாராக இறுகும், நுண்குழாய்கள் சேதமாகும், மார்பு கட்டிப்போனது போல இழுத்துப் பிடிக்கும். இரத்த ஓட்டம் மாறினால் தோலின் வெப்பமும் மாறும். நல்ல கேமரா 0.05 டிகிரி வேறுபாட்டைக்கூடக் காட்டும் என்பதால், சிகிச்சை பெற்ற பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டு இந்த மாற்றத்தைப் பின்தொடரலாம். போலந்தின் சிலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் அளந்து பார்த்துவருகிறார்கள்.

‘வெப்பப் படமா? அதுதான் எப்போதோ தோற்றுப்போன சங்கதி ஆயிற்றே’ என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். 1956இல் மாண்ட்ரியலில் ரே லாசன் மார்பகக் கட்டியின் மேலுள்ள தோல் சூடாக இருப்பதைக் காட்டியபோது எழுந்த ஆரவாரம், 1970களின் அமெரிக்கப் பரிசோதனைத் திட்டத்தில் அடங்கிப்போனது. மேமோகிராமுக்கு இது மாற்றாகாது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்றும் எச்சரிக்கிறது. பெங்களூரின் நிரமை நிறுவனமும், வெப்ப உணரிகள் பதித்த உள்ளாடையை உருவாக்கி நாரி சக்தி விருது பெற்ற திருச்சூர் சி-மெட் விஞ்ஞானி ஏ. சீமாவும் அந்தப் பழைய கேள்வியைப் புதிய கருவிகளோடு மீண்டும் கையிலெடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒளிந்திருக்கும் கட்டியைத் தேடுவது கடினமான வேலை. நோயும் சிகிச்சையும் தெரிந்த ஒரு பெண்ணின் அதே இடம் போன தடவையைவிட மாறியிருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட எளிது. முதல் வேலையில் வாங்கிய கெட்ட பெயரை இரண்டாவதன் தலையில் கட்டக் கூடாது.

வேறு தடைகளும் உண்டு. அவை அற்பமானவையும் அல்ல. நம் நாட்டில் மார்பகத்தை முழுதாக எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சை இன்னும் அதிகம். அப்போது மறுபக்கம் சரியான அளவுகோலாகாது. இந்த நோய்க்குத் தரும் தமாக்சிஃபென் மாத்திரையால் உடம்பு திடீரென்று சூடேறும். பனியில் நடந்து வந்தவளின் தோல் குளிர்ந்திருக்கும். 22 முதல் 24 டிகிரி வரையுள்ள அறையில், மேலாடை களைந்து கால்மணி நேரமாவது உட்கார வேண்டும். படமெடுக்கப் பெண் ஊழியரும் தாழிட்ட கதவும் இல்லாவிட்டால் எவளும் மறுமுறை வரமாட்டாள். ஆழத்தில் இறுகும் திசுவையும், இடப்பக்கக் கதிர்வீச்சால் இதயத்துக்கு நேரக்கூடிய பாதிப்பையும் இந்தக் கேமரா காணாது. அதற்கு மருத்துவரின் கையும் மற்றப் பரிசோதனைகளும்தான் வேண்டும். மறுபக்கத்தோடு ஒப்பிட முடியாத குறைக்கு மட்டும் வழி இருக்கிறது: கதிர்வீச்சு தொடங்குமுன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது. கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் முதல் படத்தை எடுத்துவிட்டால், அடுத்தவற்றை மலையிலுள்ள சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். படம் மாறினால் மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கினால் போதும். ஆண்டுக்கொரு மேமோகிராம் அதற்கு வெளியே, தன்பாட்டில் தொடர வேண்டும்.