தூளிச் சேலையில் அந்துருண்டை வாசம்

கொடைக்கானல் மலையிலுள்ள வெள்ளகவிக்கு நான் போனபோது சாலை கிடையாது. மேலேயிருந்து வருபவர்கள் வட்டக்கானல் தாண்டிக் காட்டுப் பாதையில் இறங்க வேண்டும். கீழேயிருந்து வருபவர்கள் கும்பக்கரைப் பக்கமிருந்து ஏற வேண்டும். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. அரிசி மூட்டை முதல் கட்டிலின் கால் வரை எல்லாமே குதிரை முதுகில் அல்லது மனிதத் தலையில்தான் வந்து சேரவேண்டும். கொடைக்கானலுக்கு மலைச்சாலை போடாத காலத்தில் துரைமார்களின் பெட்டி படுக்கையும் இந்த வழியாக மேலே போனதுண்டு என்கிறார்கள் பெரியவர்கள். இப்படிச் சுமந்து சேர்க்கிற ஊரில் ஒரு பழம்புடவையைக்கூட யாரும் லேசில் தூக்கிப் போடமாட்டார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் ஒரு விரிப்பு இருந்தது. மூன்று பழைய நூல் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப்போட்டு, நான்கு ஓரமும் வேறு நிறத்தில் கரைத்துணி வைத்து, கெட்டி நூலில் ஓட்டுத்தையல் போட்டது. கையால் தடவினால் தையல் வரிசை வரப்பு மாதிரி தட்டுப்பட்டது.

“மிச்சத் துணியெல்லாம் எங்க பாட்டி வச்சிருக்கீங்க?”

“எங்க வைக்க? மூட்டையாக் கட்டி அடுப்புக்கு நேர் மேல பரண்ல போட்டுருவேன் தாயி. புகை படும்ல, பூச்சி அண்டாது.”

ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது க்வில்ட், தைப்பவர்கள் துணியை எப்படி அடுக்கி வைக்கிறார்கள் என்று பார்த்து எழுதத்தான் இந்த மலைக்கு வந்தேன். நகரத்தில் இது இப்போது பெரிய பொழுதுபோக்கு. தையல்கடை வெட்டுத்துணி, திருப்பூர் கட்பீஸ், பாதி கிழிந்த சுங்குடி எல்லாம் கிலோக் கணக்கில் வீட்டில் சேர்கின்றன. அடுக்கும் முறை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறவாரியாக அடுக்கினால் கண்ணுக்கு அழகு. ஆனால் தைக்கிற கைக்கு உதவுவது துணிவாரியாக அடுக்குவதுதான்: நூல் தனி, பட்டு தனி, கம்பளி தனி, பாலியெஸ்டர் தனி. சுருங்கும் துணியையும் சுருங்காத துணியையும் அடுத்தடுத்துத் தைத்தால் முதல் சலவையிலேயே போர்வை இழுத்துக்கொள்ளும். சாயம் போகிற துணியை வாங்கிய அன்றே அலசி, வடிகிற தண்ணீர் தெளியும்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்கவேண்டும். மெட்ராஸ் செக் துணியின் சாயம் கழிவது அமெரிக்காவரை பேர் போன கதை.

கொடைக்கானலில் பிரச்சினையே வேறு. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் போன வீட்டில் ஓர் அம்மா பதினைந்து வருடமாகத் துணி சேர்க்கிறார். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் பாங்காக அடுக்கியிருந்தார். அடியிலிருந்த ஒரு டப்பாவைத் திறந்ததும் இருவரும் பேசாமல் நின்றோம். இளமஞ்சள் மல் துணி முழுக்க மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளி. பூசணம்! துணியை முழுசாகக் காயவிடாமல் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடவேண்டும். பிளாஸ்டிக்குக்குப் பதில் வெளுத்த பழைய வேட்டியில் சுற்றவேண்டும். மாசி, பங்குனியில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டு, போன வருடம் மடித்த மடிப்பை மாற்றி மடிக்கவேண்டும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் துணி அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும்.

அந்த அம்மாவின் அலமாரி மேல்தட்டைத் திறந்தபோது மூக்கில் ஏறிய வாசத்தால்தான் இந்தக் கட்டுரை தடம் மாறிவிட்டது. அந்துருண்டை. தட்டுக்குத் தட்டு வெள்ளை வெள்ளையாக உருட்டிவிட்டிருந்தார். “இதுதான் என் பேரக்குழந்தைக்குத் தைக்க எடுத்து வச்ச துணி” என்று ஒரு கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்தக் குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

பாச்சை உருண்டை, ரசகற்பூரம் என்று ஊருக்கொரு பெயர் இருந்தாலும் நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நாப்தலீன். அது கரைவதில்லை, திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிறது. உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப்போவது அதனால்தான். போன பங்கெல்லாம் காற்றிலும் துணியிலும் ஏறியிருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. ஆண் குழந்தைகளிடம் இந்தக் குறை அதிகம். அப்படிப்பட்ட பச்சிளங்குழந்தை நாப்தலீன் ஏறிய துணியில் கிடந்தால், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உள்ளே போய், ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கலாம். மஞ்சள்காமாலை ஏறும். கடுமையானால் மூளையைப் பாதிக்கும். பிறந்த குழந்தையைப் பார்த்து இந்தக் குறை இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் நாப்தலீன் அந்துருண்டையை விலக்கிவிட்டது. நம் தெருமுனைக் கடையில் அது இன்றும் தொங்குகிறது.

நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று பாட்டியின் பழைய நூல் சேலையைத்தான் தூளி கட்டத் தேடுகிறோம். அது பீரோவின் அடித்தட்டில், பத்து வருட உருண்டை வாசத்தோடு கிடக்கிறது. அதை உதறி, உத்தரத்தில் கட்டி, நாள் முழுக்க குழந்தையை அதற்குள் கிடத்துகிறோம்.

தலைமுறை தலைமுறையாக வைக்கிறோம், எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லையே என்பவர்கள் உண்டு. பெரும்பாலான வீடுகளில் ஆகாது என்பது சரிதான். ஆன வீட்டில் பிள்ளை மஞ்சளித்தபோது யாரும் பீரோவைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதும் சரி.

இத்தனைக்கும் நூல் துணிக்கு இந்த உருண்டை தேவையே இல்லை. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் பட்டையும். சுத்தமான பருத்தியை அது தொடுவதில்லை. பருத்தியை அரிப்பது ராமபாணப் பூச்சி. அதுவும் வருவது கஞ்சியைத் தேடி. கஞ்சி போட்ட சேலையை அப்படியே மடித்து உள்ளே வைத்தால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. கஞ்சி போக அலசி, மொடமொடவென்று காய்ந்தபின் வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு உலர்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணிப்பையில் முடிந்து வைக்கலாம். வாசம் போனதும் மாற்றவேண்டும். வெள்ளகவிப் பாட்டிக்கு அடுப்புப் புகை. சிலிண்டர் அடுப்பு வைத்திருக்கும் நமக்கு அது வாய்க்காது. ஆனால் துணியைச் சுக்காகக் காயவைக்க வெயிலும் காற்றும் இருக்கிறதே!

கொடைக்கானல் அம்மா அன்று மாலையே உருண்டைகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினார். பேரக்குழந்தைக்கு வைத்திருந்த துணிகளைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு, அலமாரிப் பக்கமே வராத புது மல் துணியை இரண்டு முறை அலசிக் கொடியில் போட்டார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், தூளிக்கும் போர்வைக்கும் என்று வைத்திருக்கும் சேலையை இன்றைக்கே எடுத்து முகர்ந்து பாருங்கள். அந்துருண்டை வாசம் அடித்தால் அந்தச் சேலை குழந்தைக்கு வேண்டாம். வேறு சேலை தேடுங்கள்.