குறைமாதக் குழந்தையின் மூச்சும் கேளா ஒலியும்



தாயின் வயிற்றில் ஒரு குழந்தை ஏறத்தாழ 40 வாரங்கள் வளர வேண்டும். 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். இப்படி முந்திப் பிறந்த குழந்தைகள் பலருக்கு முதல் சோதனையாக வருவது மூச்சுத் திணறல். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கும். மூக்குத் துவாரம் விரியும். மூச்சுக்கு மூச்சு முனகல் கேட்கும். அந்தச் சின்னஞ்சிறு நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது? குழந்தையை இடம் மாற்றாமல், படுத்த இடத்திலேயே அதைக் கண்டறிய உதவும் கேளா ஒலிக் கருவியைப் பற்றி இன்று பார்ப்போம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நம் நுரையீரல் எண்ணற்ற காற்று நுண்ணறைகளால் ஆனது. அவற்றின் உட்சுவர் ஈரமானது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அவை எளிதில் பிரிவதில்லை அல்லவா? அதுபோல, மூச்சை வெளியே விடும்போதெல்லாம் இந்த நுண்ணறைகளும் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் காப்பதற்காக நுரையீரல் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளைச் சுரக்கிறது. அது போதிய அளவுக்குச் சேர்வது கருவின் ஏறக்குறைய 35ஆவது வாரத்தில்தான். அதற்கு முன் பிறக்கும் குழந்தை, ஒட்டிய அறைகளை ஒவ்வொரு மூச்சிலும் புதிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது. விரைவில் களைத்துப் போகிறது.

இந்தக் குறைபாடே நோய்க்குக் காரணம் என்பதை 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் எடுத்துக்காட்டினர். எனினும் மருந்து உடனே வந்துவிடவில்லை. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் குறைமாதத்தில் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள் நிறைவதற்குள் இறந்தான். நாட்டின் தலைவருக்குப் பிறந்த பிள்ளையையும் காப்பாற்ற அன்று வழியில்லை. 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து பெற்ற சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி நல்ல பலன் கண்டதாக வெளியிட்டார். அதன் பின்னர் அது உலகெங்கும் பரவியது.

மருந்து கிடைத்துவிட்டது. அதை எந்தக் குழந்தைக்கு, எப்போது கொடுப்பது? தேவையில்லாத குழந்தையின் தொண்டை வழியே குழாயை நுழைப்பது வீண் துன்பம். தேவைப்படும் குழந்தைக்குத் தாமதமாகக் கொடுத்தால் பலன் குறையும். பொதுவாக, குழந்தைக்குத் தரும் காற்றில் ஆக்சிஜன் 30 விழுக்காட்டைத் தாண்ட வேண்டிய நிலை வந்தால் மருந்து கொடுப்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21 விழுக்காடு. ஆனால் அந்தத் தேவை உயர்வதற்குள் சில மணி நேரம் கழிந்துவிடலாம். அந்த மணி நேரங்களே விலைமதிப்பற்றவை.

இங்கேதான் கேளா ஒலி உதவுகிறது. கர்ப்பிணிகளின் வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் அதே வகை ஸ்கேன் கருவிதான் இது. மலையை நோக்கிக் கூவினால் எதிரொலி திரும்புவதுபோல, கருவி அனுப்பும் ஒலி உடலுறுப்புகளில் பட்டுத் திரும்பிப் படமாகிறது. காற்று இந்த ஒலியை உள்ளே விடாது. ஆகவே காற்று நிறைந்த நுரையீரலை இதனால் பார்க்க இயலாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிஷ்டென்ஸ்டைன் போன்றோர் 1990களில் இதை வேறு விதமாக நோக்கினர். நுரையீரல் தெரியாவிட்டாலும், திரையில் விழும் கோடுகளே அதன் நிலையைச் சொல்லும் என்று காட்டினர்.

அந்தக் கோடுகள் சொல்வது என்ன? காற்று நிறைந்த நல்ல நுரையீரலில் கோடுகள் படிக்கட்டுபோல் கிடையாக அமையும். நீர் கோத்திருந்தால், மேலிருந்து கீழே ஒளிக்கற்றைபோல் செங்குத்துக் கோடுகள் இறங்கும். சர்ஃபாக்டன்ட் குறைந்த நுரையீரலிலோ அவை நெருங்கி ஒன்றுகூடி, திரையே வெள்ளையாகிவிடும். நெஞ்சின் இருபுறமும் மும்மூன்று இடங்களில் பார்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி இடுகிறார்கள். மொத்தம் 18. புள்ளி கூடக் கூட நோய் கடுமை என்று பொருள். 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளில் யாருக்கு மருந்து தேவைப்படும் என்பதை இப்புள்ளிகள் முன்கூட்டியே உணர்த்துவதாக 2015இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று தெரிவித்தது. ஐரோப்பிய நிபுணர்களின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் இம்முறைக்கு இடமளித்துள்ளன.

இன்னொரு நன்மையும் உண்டு. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே திடீரென்று காற்று புகுந்துவிட்டால், அது உயிருக்கே ஆபத்து. நுரையீரலின் விளிம்பு மூச்சோடு வழுக்கி அசைவது திரையில் தெரியும். காற்று புகுந்த இடத்தில் அந்த அசைவு நின்றுவிடும். மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்து, மருத்துவர் சில நிமிடங்களில் முடிவு செய்யலாம். எக்ஸ்ரே என்றால் குழந்தையின் முதுகுக்கடியில் தகடு வைக்க வேண்டும். கதிரும் சிறிதளவு படும். கேளா ஒலியில் கதிர் இல்லை. கதகதப்புப் பெட்டியின் பக்கத் துவாரம் வழியாகவே கையை நுழைத்துப் பார்த்துவிடலாம். வேண்டும்போதெல்லாம் மறுபடியும் பார்க்கலாம்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. நுரையீரலின் ஆழத்தில் உள்ள கோளாற்றை, இடையில் காற்று இருந்தால், இது காட்டாது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே நோயும் அல்ல. நிமோனியாவிலும் நுரையீரல் வெளுத்துத் தோன்றலாம். பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே பலன் அமையும். குளிர்ந்த பசையோ அழுத்தும் கையோ பிஞ்சு உடலை வருத்தும். சுத்தம் செய்யாத கருவி கிருமியைக் கொண்டுவரும். ஆகவே எக்ஸ்ரேக்கு இன்னும் வேலை இருக்கிறது. தாதியரின் கூர்ந்த கண்ணுக்கும் மருத்துவரின் அனுபவத்துக்கும் அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் குழந்தையின் நெஞ்சில் மருத்துவர் இக்கருவியை வைப்பதைக் கண்டால் அஞ்ச வேண்டாம். என்ன தெரிகிறது, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பேசத் தெரியாத குழந்தையின் நெஞ்சில் நடப்பதை உரிய நேரத்தில் அறிந்து, உரிய நேரத்தில் மருந்து கொடுப்பதற்காகவே இந்தச் சோதனை என்பதை நினைவில் கொள்வோம்.