எடை வேறு, சுமை வேறு... நம் உடம்பு தாங்குவதை எப்படி அளக்கிறார்கள்?

ஜவ்வாது மலை அடிவாரத்துப் படவேடு என்றதும் பலருக்கு ரேணுகாம்பாள் கோயில் நினைவுக்கு வரும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வாழைத்தோப்புகளும் சேர்ந்தே வரும். தார் வெட்டும் நாளில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, வரப்பு வழியாகச் சுமந்து வந்து வண்டியில் ஏற்றுவார்கள். தாரின் எடையை மண்டித் தராசு சொல்லிவிடும். சுமந்தவரின் உடம்பு எவ்வளவு தாங்கியது? அதற்குத் தராசு போதாது.

ஆய்வாளர்கள் சுமப்பவரின் நாடித்துடிப்பைப் பார்ப்பார்கள். முகத்தில் மாஸ்க் மாட்டி, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று கணக்கிடுவார்கள். 1986-ல் கென்யாவில் இப்படி அளந்தபோது, தலைச்சுமைக்குப் பழகிய பெண்கள் தங்கள் எடையில் 20 சதவிகிதம் வரை கூடுதல் ஆக்சிஜன் செலவில்லாமலே சுமந்தார்கள். பிந்தைய ஆய்வுகளில் எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

அவரிடமே கேட்பதும் ஒரு வழி. ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க், 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வைத்தார். 6 என்றால் சிரமமே இல்லை. 20 என்றால் இதற்கு மேல் முடியாது. ஏன் 6-ல் ஆரம்பம்? சொல்லும் எண்ணை 10-ஆல் பெருக்கினால், ஆரோக்கியமானவரின் நாடித்துடிப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்!

மூளையின் சுமைக்கும் கேள்வித்தாள் உண்டு. நாசா உருவாக்கிய ஆறு கேள்விகளில் அவசரம், எரிச்சல்கூட இடம்பெறும். ஐ.சி.யூ நர்ஸ்களின் வேலைப்பளுவை அறியவும் அது பயன்படுகிறது. கண்ணும் காட்டிக்கொடுக்கும். நினைவில் வைக்க வேண்டிய இலக்கங்கள் கூடக்கூடப் பாப்பா விரிவதை 1966-லேயே கண்டார்கள். ஓ.டி.பி-யை முணுமுணுத்துக்கொண்டே டைப் செய்யும்போது நம் கண்ணும் அப்படித்தான் இருக்கும்போல.

ஆனால், சுமப்பவருக்கே தெரியாத சுமை ஒன்று உண்டு. ஹெச்.ஐ.வி கிருமி வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் ரத்தத்தில் பெருகலாம். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதும் 1986-ல்தான். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், படவேட்டுக்குப் பக்கத்திலுள்ள வேலூர் சி.எம்.சி-யில் சோதிக்கப்பட்டன. அன்றைய சோதனை சொன்னது 'உண்டு', 'இல்லை' மட்டுமே.

'எவ்வளவு' என்பதைச் சொல்வது வைரல் லோடு டெஸ்ட். ரத்தத்திலுள்ள வைரஸின் மரபணுவை இயந்திரம் மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்கும். சிக்னல் சீக்கிரம் தெரிந்தால் வைரஸ் அதிகம். கொரோனா காலத்து 'சி.டி வேல்யூ' ஞாபகமிருக்கிறதா? எண் குறைந்தால் வைரஸ் கூடுதல் என்பது புரியாமல் குழம்பியவர்கள் எத்தனையோ பேர்! ஹெச்.ஐ.வி ரிப்போர்ட்டில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு மில்லி ரத்தபிளாஸ்மாவில் எத்தனை வைரஸ் பிரதிகள் என்று நேரடியாகவே இருக்கும்.

மாத்திரை எடுக்காதவருக்கு அது லட்சங்களில்கூட இருக்கலாம். தினமும் தவறாமல் எடுத்து, 200-க்குக் கீழேயே தொடர்ந்து இருந்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது. கர்ப்பிணிக்கு எண் இறங்க இறங்க, குழந்தைக்கான ஆபத்தும் இறங்கும். 1,000-ஐத் தாண்டினால் உடனே மருந்தை மாற்றிவிடுவதில்லை. மாத்திரை விட்டுப்போனதா என்று விசாரித்து, ஆலோசனை தந்து, மறுபடி சோதிப்பார்கள்.

ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தாலும் கிருமி உடம்பில் பதுங்கியிருக்கும். மாத்திரையை நிறுத்தினால் எண் மறுபடி ஏறிவிடும். அரசு ஏ.ஆர்.டி மையங்களில் மாத்திரையும் இந்த டெஸ்ட்டும் இலவசம். சந்தேகம் கேட்க, 1097-க்குக் கட்டணமின்றிப் பேசலாம்.