பட்டை கழற்றிய கழுத்து

சிக்னலில் நிற்கும் காரைப் பின்னால் வந்த வண்டி இடிக்கிறது. பம்பர் கொஞ்சம் நசுங்கியதோடு சரி. ரத்தக் காயம் கூட இல்லை. மறுநாள் காலையில்தான் கழுத்து திரும்ப மறுக்கிறது. பின்மண்டையில் வலி, தலைச்சுற்றல், தோளில் இறுக்கம், சிலருக்கு விரல்களில் மதமதப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரிவதில்லை. சாட்டையை வீசியதுபோலக் கழுத்து விசிறப்படுவதால் இதற்கு விப்லாஷ் என்று பெயர்.

இந்த வலிக்காரர்களின் பேச்சை உலகம் நம்பவே வெகுகாலம் ஆயிற்று. ரயில் மோதலில் தப்பியவர்களின் தீராத வலியைப் பற்றி லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866ல் புத்தகமே எழுதினார். அதை 'ரயில்வே முதுகு' என்றார்கள். இழப்பீட்டுக்காக நடிக்கிறார்கள் என்ற பழியும் கூடவே வந்தது. 1928ல் அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு குரோ, கழுத்து அசைந்த விதத்தைச் சொல்லவே 'விப்லாஷ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதுவே நோயின் பெயராகிவிட்டதே என்று பின்னாளில் அவரே வருந்தினார்.

அன்றைய வைத்தியம் கழுத்துப் பட்டை. வாரக்கணக்கில் கட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் பட்டைக்குள் கிடந்த தசை இளைத்தது, மூட்டு இறுகியது. எல்லாவற்றையும்விட, திருப்பினால் ஏதோ ஆகிவிடும் என்ற பயம் மனதில் வேர்விட்டது. அடிபட்ட வலி ஆறும் நேரத்தில் அசையாமையின் வலி வந்து சேர்ந்துகொண்டது. 1986ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, பட்டை கட்டியவர்களைவிடச் சீக்கிரமே கழுத்தை அசைக்கத் தொடங்கியவர்கள் நன்றாகத் தேறியதைக் காட்டியது. 1995ல் கனடாவின் கியூபெக் மருத்துவக் குழு, காயத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்து, முறிவோ நரம்புப் பாதிப்போ இல்லாதவர்கள் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்பட்டும் என்றது. இன்று பிசியோதெரபி அறையில் முதல் நாளே மெல்லத் திருப்பச் சொல்கிறார்கள். வலித்தாலும் அசைக்கலாம் என்ற அந்தத் தைரியமே பாதி மருந்து என்பேன்.

காயம் எப்படி ஏற்படுகிறது என்பதிலும் கருத்து மாறியது. தலை பின்னால் அளவுக்கு மீறி மடிவதே காரணம் என்று நினைத்தார்கள். இடித்த பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் கழுத்தின் அடிப்பகுதி பின்னாலும் மேற்பகுதி முன்னாலும் வளைகிறது என்பது பின்னர் தெரிந்தது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு மூட்டுகள் அதில் நசுங்கக்கூடும். அவற்றின் வலியைக் கடத்தும் நரம்பைச் சூட்டால் செயலிழக்கச் செய்து சிலருக்கு நீண்டகால நிவாரணம் தர முடியும் என்று ஆஸ்திரேலியக் குழு ஒன்று 1996ல் நிரூபித்தது. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் வலி பொய்யாகிவிடாது. நோயாளியைப் பார்த்து "உனக்கு ஒன்றுமில்லை" என்பது கொடுமை.

ஆனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஓர் ஆண்டு கழிந்தும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதோ ஒரு கழுத்து வலி மிஞ்சுகிறது. தொடக்கத்திலேயே கடுமையாக வலித்தவர்கள், இனித் தேறமாட்டோம் என்று நம்பியவர்கள் தேறத் தாமதமாகிறது.

நம் ஊரில் சுளுக்கு எடுக்க ஓடுகிறோம். விபத்துக்குப் பிறகு கழுத்தைச் சட்டென்று முறுக்க யாரையும் விடாதீர்கள். கைகால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, நடுக்கழுத்து எலும்பில் தொட்டால் வலித்தாலோ, வயது 65ஐத் தாண்டியிருந்தாலோ முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் 1969 முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளில், தலை பின்னால் விசிறாமல் தாங்கும் ஹெட்ரெஸ்ட் கட்டாயம். நம் கார்களில் அது பெரும்பாலும் கீழே இறக்கியபடியே கிடக்கிறது. நாளை வண்டியை எடுக்குமுன் அதன் மேல்விளிம்பை உச்சந்தலை உயரத்துக்கு ஏற்றி, பின்மண்டைக்கு மிக அருகில் கொண்டுவந்து வையுங்கள்.