இக்காமா கையில் இருக்கிறது. விமானம் ஏற முடியவில்லை!

சவூதியில் வேலை பார்ப்போர் ஊர் திரும்பும் கதை

ஊரில் தாயார் காலமாகிவிட்டார். இரவு பத்து மணிக்கு ரியாத் நகருக்குச் செய்தி வருகிறது. மகன் அங்கே ஒரு வீட்டில் கார் ஓட்டுகிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் பாஸ்போர்ட் இருக்கிறது. சட்டைப் பையில் இக்காமா இருக்கிறது. டிக்கெட்டுக்கு அறை நண்பர்கள் பணம் புரட்டிவிட்டார்கள். ஆனாலும் விடியற்காலை விமானத்தில் அவர் ஏற முடியாது. முதலாளி சரி என்று சொல்ல வேண்டும்!

மும்பையில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் பலருக்கு ஒரு தம்பியோ, மைத்துனரோ அரபு நாட்டில் இருப்பார். "அட்டைதான் இருக்கிறதே, வருவதற்கு என்ன?" என்று போனில் கடிந்துகொள்கிறவர்களும் உண்டு. அட்டை வேறு, பயணம் வேறு என்பது அங்கே போய்ப் பட்டால்தான் தெரிகிறது.

அட்டை என்ன சொல்கிறது?

சவூதி அரேபியாவில் வெளிநாட்டுக்காரர் தங்கி வேலை பார்ப்பதற்கான அடையாள அட்டைதான் இக்காமா. நம்மவர் வாயில் அது 'அக்காமா'. வேலைக்கு வந்து இறங்கிய 90 நாட்களுக்குள் முதலாளி அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் அது சிறு புத்தகமாக இருந்தது. முஸ்லிம்களுக்குப் பச்சை அட்டை, மற்றவர்களுக்குப் பழுப்பு அட்டை. இப்போது பிளாஸ்டிக் அட்டை.

2015-ல் இருந்து அட்டைக்கு ஐந்து ஆண்டு ஆயுள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அட்டைக்கு ஐந்து ஆண்டு என்றால் தங்கும் உரிமைக்கும் ஐந்து ஆண்டு என்று பொருள் அல்ல. அதை முதலாளி கட்டணம் கட்டிக் கணினியில் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். அவர் கட்டாமல் விட்டால் பளபளப்பான அட்டை பையில் இருக்கும். அதன் உயிர் போயிருக்கும். தவணை தவறினால் முதல் தடவை 500 ரியால், இரண்டாம் தடவை 1,000 ரியால் அபராதம். மூன்றாம் தடவை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். கட்ட வேண்டியவர் முதலாளி, கப்பலேறுகிறவர் தொழிலாளி!

வெளியே போகவும் விசா

நாட்டுக்குள் வர விசா கேட்பது எங்கும் உள்ள வழக்கம். சவூதியில் குடியிருக்கும் வெளிநாட்டவர் வெளியே போகவும் விசா வேண்டும். இரண்டு வகை. விடுமுறைக்குப் போய்த் திரும்புவதற்கு 'எக்ஸிட் ரீ-என்ட்ரி'. கணக்கு முடித்து ஒரேயடியாகப் போவதற்கு 'பைனல் எக்ஸிட்'.

ஒரு முறை போய் வரும் விசாவுக்கு இரண்டு மாதம் வரை 200 ரியால். அதற்கு மேல் மாதத்துக்கு 100 ரியால். பாஸ்போர்ட்டில் குறைந்தது 90 நாள் தவணை பாக்கி இருக்க வேண்டும்.

நாள் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. விசாவில் '60 நாள்' என்று நாளாகப் போட்டிருந்தால், விமானம் ஏறிய நாளில் இருந்து எண்ண வேண்டும். 'இன்ன தேதிக்குள் திரும்புக' என்று போட்டிருந்தால் விசா கொடுத்த நாளிலேயே கணக்கு ஓடத் தொடங்கிவிடும். விசா எடுத்து இருபது நாள் கழித்துப் புறப்பட்டவர், ஊரில் முழு இரண்டு மாதம் இருக்கலாம் என்று தங்கைக்குக் கல்யாணத் தேதி குறித்தால் வம்புதான். எடுத்த விசாவைப் பயன்படுத்தாமலும் ரத்துச் செய்யாமலும் விட்டால் 1,000 ரியால் அபராதம்.

ஊருக்கு வந்து தவணைக்குள் திரும்பாதவர் முன்பெல்லாம் மூன்று ஆண்டுக்கு வேறு முதலாளியிடம் வேலைக்குப் போக முடியாது. பழைய முதலாளியே கூப்பிட்டால் உண்டு. 2024 ஜனவரியில் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள்.

யாருக்கு விடிந்தது?

2021 மார்ச் 14-ம் தேதி ஒரு பெரிய மாற்றம் வந்தது. தனியார் கம்பெனித் தொழிலாளர்கள் முதலாளி சம்மதத்துக்குக் காத்திராமல், அரசாங்கத்தின் 'அப்ஷர்' கணினிச் சேவை மூலம் தாங்களே இந்த விசாவுக்கு மனுச் செய்யலாம் என்றார்கள். முதலாளிக்குத் தகவல் மட்டும் போகும். கட்டடத் தொழிலாளி, பிட்டர், கணக்கு எழுதுகிறவர் எல்லோருக்கும் நல்ல சேதிதான்.

ஆனால் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், பண்ணை வேலைக்காரர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர் ஆகியோரை அந்தச் சட்டத்தில் சேர்க்கவில்லை. யார் தனியாக, ஒரே முதலாளி வீட்டு வாசலில் கிடக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கவில்லை.

பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்காக மல்லுக்கு நின்று வாங்கியவர்களும் உண்டு. வாங்கிய பிறகும் 'கபீல்' விசா போடாவிட்டால் பாஸ்போர்ட் பெட்டியில்தான் தூங்கும். பாஸ்போர்ட் தொலைந்தவருக்கு இந்தியத் தூதரகம் ஊர் திரும்ப அவசரச் சான்று கொடுக்கும். அதுவும் இந்தியாவுக்குள் நுழையத்தான் உதவும். சவூதியைவிட்டு வெளியேற அங்கத்து அனுமதி தனியாக வேண்டும்.

பக்கத்து நாடுகளிலும் ஒரே மாதிரி இல்லை. கத்தார் 2018-ல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கும், 2020-ல் வீட்டு வேலைக்காரர்களுக்கும் வெளியேறும் அனுமதியை நீக்கியது. குவைத்தோ எதிர்த் திசையில் போனது: 2025 ஜூலை 1 முதல் தனியார் துறை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஊருக்குப் புறப்படும் முன் முதலாளி ஒப்புதலுடன் அனுமதி எடுக்க வேண்டும்.

ரியாத் டிரைவருக்கு வருவோம். கபீல் நல்லவராக இருந்தால் படுக்கையில் இருந்தபடியே போனைத் தட்டி ஐந்து நிமிடத்தில் விசா போட்டுவிடுவார். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. "பெருநாள் கழியட்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு விட ஆள் இல்லை" என்று சொன்னால் டிரைவர் என்ன செய்வார்? ஊரில் தம்பி கொள்ளி வைத்துவிடுவான். பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்ச் சேர வேண்டும் என்று, விடிந்ததும் காரைத் துடைத்து வைத்துவிட்டு மறுபடியும் கேட்கப் போவார்.