தூரத்திற்கு ஒரு கட்டணம், வேகத்திற்கு ஒரு கட்டணம்

அந்நிய தேசப் பிரயாணத்திற்குப் புறப்படுகிற நம்மவர்கள் விசாவிற்கும், விமான டிக்கெட்டிற்கும், தங்கும் விடுதிக்கும் மாதக்கணக்கில் முயன்று, விலைகளை ஒப்பிட்டு, அநுபவஸ்தர்களைக் கலந்து ஆலோசித்து எல்லாவற்றையும் கிரமமாக ஏற்பாடு செய்கிறார்கள். ஆனால் அந்தத் தேசத்திற்குள் ஊர் விட்டு ஊர் போவதற்கான ரயில் விஷயத்தை மட்டும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்; அல்லது எவரோ சொன்னதைக் கேட்டு, எந்த ரயிலிலும் ஏறலாம் என்று விற்கப்படும் ஒரு பாஸைக் கணக்குப் பாராமல் வாங்கிவிடுகிறார்கள். பல தேசங்களில் இந்த அசிரத்தையால் வரும் நஷ்டம் சொற்பமாக இருக்கலாம். ஜப்பானிலோ அது ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று நாள் தங்கும் செலவிற்குச் சமானமாகிவிடும். சமீப காலமாகத் தமிழ்நாட்டிலிருந்து அந்தத் தேசத்திற்கு உல்லாசப் பிரயாணமாகப் போகிறவர்கள் பெருகி வருவதால், அங்கே ரயில் டிக்கெட் எந்த நியதியின்படி விற்கப்படுகிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்வது உபயோகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

1964-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, டோக்கியோவிற்கும் ஒசாகாவிற்கும் இடையே சுமார் 515 கிலோமீட்டர் நீளத்திற்கு ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் நான்கு மணி நேரம் பிடித்த அந்தப் பிரயாணம், இன்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அரசாங்கத்தின் வசம் இருந்த தேசிய ரயில்வே 1987 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரிக்கப்பட்டு, பிரயாணிகளுக்காக ஆறு கம்பெனிகளும், சரக்கிற்காக ஒரு கம்பெனியும் தோன்றின. இவை எல்லாவற்றையும் சேர்த்தே ஜே.ஆர். என்று அழைக்கிறார்கள். இவற்றுக்குப் புறம்பாக, ஹாக்கோனே என்னும் மலைவாசஸ்தலத்திற்குப் போகும் ஓடாக்யூ, நாராவிற்கும் இசே ஆலயத்திற்கும் போகும் கின்டெட்ஸு போன்ற தனியார் ரயில்களும் அநேகம் உண்டு. அவற்றிற்கு டிக்கெட் வேறு, கணக்கு வேறு. ஆகவே ஜப்பானில் ரயில் டிக்கெட் என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை; எந்தக் கம்பெனியின் எந்தப் பாதை என்பதிலிருந்து விஷயம் ஆரம்பமாகிறது.

கட்டணத்தின் அமைப்பு

ஜே.ஆர். ரயில்களின் கட்டணத்தை விளங்கிக்கொள்ள அறிய வேண்டிய சூத்திரம் ஒன்றுதான். தூரத்திற்கு ஒரு கட்டணம்; வேகத்திற்கும் ஆசனத்திற்கும் மற்றொரு கட்டணம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் உரிமையைத் தருவது அடிப்படை டிக்கெட். சாதாரண ரயிலில் மெதுவாகப் போகிறவருக்கு அது ஒன்றே போதும். அதே பாதையில் விரைவு ரயிலிலோ ஷின்கான்சென்னிலோ போக விரும்புகிறவர், அதற்கு மேல் விரைவு டிக்கெட் ஒன்றையும் வாங்க வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவிற்கு அடிப்படைக் கட்டணம் 8,000 யென்னிற்குச் சற்று அதிகம். அதிவேக ரயிலில் முன்பதிவு செய்த ஆசனத்திற்கு இன்னும் ஏறத்தாழ 6,000 யென். ஆக மொத்தம் சுமார் 14,000 யென் ஆகிறது. கையில் இரண்டு சீட்டுகள் வந்து சேரும்போது, எதையோ தவறாக இரட்டிப்பாக வாங்கிவிட்டோம் என்று பதற வேண்டியதில்லை. நுழைவாயில் இயந்திரத்தில் இரண்டையும் சேர்த்தே செலுத்த வேண்டும்.

இந்தப் பிரிவினையில் பிரயாணிக்கு ஒரு பெரிய அனுகூலம் அடங்கியிருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்திற்குக் காகிதத்தில் வாங்கிய அடிப்படை டிக்கெட்டிற்கு, பெருநகரச் சுற்றுப்புறங்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, வழியில் இறங்கித் தங்கிவிட்டுப் பிறகு பிரயாணத்தைத் தொடரும் உரிமை உண்டு. தூரம் கூடக்கூட அது செல்லுபடியாகும் நாட்களும் கூடுகின்றன. டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமாவிற்கு ஒரே அடிப்படை டிக்கெட்டாக வாங்குகிறவர், கியோட்டோவில் இறங்கி, கோயில்களையும் நந்தவனங்களையும் இரண்டு மூன்று நாள் நிதானமாகப் பார்த்துவிட்டு, அதே டிக்கெட்டில் ஹிரோஷிமாவிற்குப் போகலாம். விரைவு டிக்கெட்டை மட்டும் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். தூரம் நீளும்போது கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போவதால், இவ்வாறு வாங்குவதில் ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 யென் மிச்சப்படும். கைப்பேசி மூலம் ஷின்கான்சென்னிற்கு வாங்கும் மின் டிக்கெட்டுகளில் இந்த உரிமை கிடைப்பதில்லை. ஆகையால் சௌகரியத்தைக் கருதிக் கைப்பேசியை நாடுகிறவர்கள், வழியில் தங்கும் உத்தேசம் இருந்தால், நிலையத்தின் டிக்கெட் அலுவலகத்தில் காகித டிக்கெட்டாகவே கேட்டு வாங்குவது உத்தமம்.

பாஸ் வாங்கலாமா?

அந்நிய நாட்டிலிருந்து குறுகிய காலத்திற்கு வந்துபோகிறவர்களுக்கென்றே விற்கப்படும் ஜப்பான் ரயில் பாஸ், ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்கதாக இருந்தது உண்மை. ஏழு நாள் சாதாரண வகுப்புப் பாஸின் விலை 29,650 யென்னாக இருந்தவரையில், டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்புகிறவருக்கே அநேகமாக முதல் தேறிவிடும். ஆனால் 2023 அக்டோபரில் அந்த விலை ஒரே பாய்ச்சலாக 50,000 யென்னிற்கு உயர்ந்துவிட்டது. கியோட்டோ போய்த் திரும்ப ஆகும் செலவு சுமார் 28,000 யென். ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 40,000 யென்னை எட்டுவதில்லை. தென்மேற்கிலுள்ள ஃபுக்குவோக்கா வரை போய் வந்தால்கூடச் சுமார் 47,000 யென்தான் ஆகும். இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. இந்த மார்க்கத்து அதிவேக ரயில்களில் மிக விரைவானதான நோசோமியில் ஏறுவதற்குப் பாஸ் வைத்திருப்பவரும் தனிக் கட்டணம் கட்ட வேண்டும்; டோக்கியோவிலிருந்து கியோட்டோவிற்கு அது ஏறத்தாழ 5,000 யென் ஆகிறது. பழைய பிரயாண நூல்களையும் முன்பு போய்வந்த சிநேகிதர்களின் யோசனையையும் நம்பி இன்று பாஸ் வாங்குகிறவர்கள் நஷ்டப்படுவதன் காரணம் இதுவே.

பாஸ் எவருக்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. வடக்கே அவோமோரி வரை ஒரு தடவை, மேற்கே கியோட்டோ வரை ஒரு தடவை என்று ஒரே வாரத்தில் போய்த் திரும்புகிறவருக்குத் தனித்தனி டிக்கெட்டுகளாக 60,000 யென்னிற்கு மேல் ஆகும். அவருக்குப் பாஸ் லாபமே. ஆனால் வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நாலைந்து ஊர்களை நிதானமாகப் பார்க்க விரும்பும் குடும்பம் அப்படி ஓடக்கூடாது. ஓடினால் ரயில் பெட்டியைத் தவிர வேறொன்றையும் பார்த்ததாக ஆகாது. ஒசாகா, கியோட்டோ, நாரா அடங்கிய கான்சாய் பிரதேசத்திற்கும், கியூஷூ, ஹொக்காய்டோ போன்ற தீவுகளுக்கும் தனித்தனிப் பிரதேசப் பாஸ்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஒரே பிரதேசத்தில் சில நாட்கள் சுற்றுகிறவர்களுக்கு அவை பெரும்பாலும் ஆதாயமாக அமையும்.

முன்பதிவும் காலமும்

60 நாட்களுக்கு முன்பே டிக்கெட் வாங்கி, காத்திருப்போர் பட்டியலில் நம் பெயர் எந்த எண்ணில் நிற்கிறது என்று தினந்தோறும் பார்த்துப் பழகிய நமக்கு, ஜப்பானிய முறை ஆச்சரியத்தையே தரும். நிலையங்களில் ஆசன முன்பதிவு, பிரயாண தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்னதாகக் காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. காத்திருப்போர் பட்டியல் என்பது கிடையாது. டோக்கியோ - ஒசாகா மார்க்கத்தில் நெரிசலான வேளையில் மணிக்கு 12 நோசோமி ரயில்கள் வரை ஓடுகின்றன. அவற்றில் முன்பதிவு இல்லாத பெட்டிகளும் சில உண்டு. ஆகவே சாதாரண நாட்களில், நிலையத்திற்குப் போய் அடுத்த ரயிலுக்கு டிக்கெட் வாங்கி ஏறுவது சாத்தியமே.

விதிவிலக்கான காலங்கள் மூன்று. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை நீளும் விடுமுறை, ஆகஸ்டு நடுவில் மூதாதையரை வழிபடும் ஓபோன் பண்டிகை, வருஷப் பிறப்பு ஆகிய இக்காலங்களில் ஜப்பானியர்கள் தத்தம் சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அப்போது நோசோமியில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுப் பெட்டிகளாகிவிடும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை முதலாவது காலத்தோடு ஒட்டி வருவதால், குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் நாம் ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. சென்னையில் இரவு ஏறி, தூங்கி எழுந்து மதுரையிலோ நெல்லையிலோ இறங்குவது நமக்கு இயல்பு. தங்கும் செலவும் மிச்சம். ஆனால் ஷின்கான்சென் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஓடுவதில்லை. தினசரி ஓடும் படுக்கை வசதி ரயிலும், டோக்கியோவிலிருந்து இசுமோவிற்கும் தகமட்ஸுவிற்கும் போகும் சன்ரைஸ் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. எனவே பிரயாணத்தைப் பகலில் வைத்து, இரவிற்கு விடுதி ஏற்பாடு செய்துகொண்டே திட்டம் வகுக்க வேண்டும். பகல் பிரயாணத்திற்குக் கைம்மாறும் உண்டு. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது வலப்புறத்தில், சாதாரண வகுப்பில் 'ஈ' வரிசை ஜன்னல் ஆசனத்தைக் கேட்டு வாங்கினால், முக்கால் மணி நேரத்திற்குள், வானம் தெளிவாக இருக்கும் பட்சத்தில், ஃபூஜி மலையின் தரிசனம் கிடைக்கும்.

மூட்டை முடிச்சும் மற்றவையும்

நம்மவர்கள் விசேஷமாக ஜாக்கிரதை கொள்ள வேண்டியது பெட்டிகளைப் பற்றி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேற்படும் பெட்டியை டோக்கியோ - ஒசாகா - ஃபுக்குவோக்கா மார்க்கத்து ஷின்கான்சென்னில் கொண்டுபோக, அதற்கென்று இடமுள்ள ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இதற்கு அதிகப்படிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் கொண்டுவந்தால் 1,000 யென் கட்ட நேரிடும். 250 சென்டிமீட்டரைத் தாண்டிய பெட்டிக்கு அனுமதியே இல்லை. பெரிய பெட்டியை விடுதியிலிருந்து அடுத்த ஊர் விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் கைப்பையோடு ரயில் ஏறுவது அங்கே சகஜமான பழக்கம். பெட்டி பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆறு வயதிற்குக் குறைந்த குழந்தைகள், தனி ஆசனம் வேண்டாதவரை, பெரியவர் ஒருவருக்கு இருவர் வீதம் இலவசமாகப் போகலாம். 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். முன்பதிவு செய்த ஷின்கான்சென் ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட் வீணாகிவிடுவதில்லை. அதே நாளில் பின்னால் வரும் ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறலாம். சைவ உணவுக்காரர்கள் கையில் ஆகாரம் வைத்திருப்பது நலம். நிலையங்களில் விற்கும் அழகிய சாப்பாட்டுப் பெட்டிகளில் மீனோ மீன் சாறோ கலவாதவை அபூர்வம். டோக்கியோ - ஒசாகா ஷின்கான்சென்னில் தள்ளுவண்டி விற்பனையும் 2023-இல் நின்றுவிட்டது. ஷின்கான்சென்னில் அமர்ந்து சாப்பிடுவதை எவரும் தவறாக நினைப்பதில்லை. நகர ரயில்களில் மட்டும் அது வழக்கமில்லை.

நகரங்களுக்குள் சுற்றுவதற்கு, 2001-இல் டோக்கியோவில் அறிமுகமான சூய்கா போன்ற கார்டு ஒன்றில் பணம் போட்டு வைத்துக்கொண்டால் போதும். 2013 முதல் இத்தகைய பத்து வகைக் கார்டுகள் தேசத்தின் பிரதான நகரங்களில் எல்லாம் பரஸ்பரம் செல்லுபடியாகின்றன; ஜே.ஆர்., தனியார் ரயில், பஸ் என்ற பேதமும் இல்லை. ஆனால் ஒரு பிரதேசத்தில் கார்டைத் தொட்டு உள்ளே நுழைந்து, வேறொரு பிரதேசத்தில் வெளியே வர முடியாது. நெடுந்தூரத்திற்கு டிக்கெட்டே வேண்டும்.

மேலே சொன்ன தொகைகள் காலத்திற்குக் காலம் மாறக்கூடியவை. புறப்படுமுன் அந்தந்தக் கம்பெனியின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மாறாதது முறை ஒன்றே. முதலில், பார்க்க விரும்பும் ஊர்களையும் ஒவ்வொன்றிலும் தங்கும் நாட்களையும் குடும்பத்தோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். பிறகு ஊருக்கு ஊர் ஆகும் கட்டணத்தை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை பாஸின் விலையைத் தாண்டினால் பாஸ் வாங்குங்கள். தாண்டாவிட்டால் தனி டிக்கெட்டே வாங்குங்கள். பாஸை முதலில் வாங்கிவிட்டு, அதன் விலையை ஈடுகட்டுவதற்காக ஊர்களைத் தேடி ஓடும் பிரயாணத்தை மட்டும் தயவுசெய்து மேற்கொள்ளாதீர்கள்.